இடப்பக்கம் சுற்றிய டேப்

ஜனவரி 5, திங்கள்

பேட்டரிக் கடைக்காரர் வருடம் தவறாமல் டைரி கொடுக்கிறார். அவர் கொடுக்கும் பேட்டரியைவிட டைரிதான் கூடுதலாக உழைக்கிறது. ராகுகாலம், எமகண்டம், பஸ் நேரம் எல்லாம் அச்சடித்திருக்கும். எழுதத்தான் எனக்கு ஒன்றும் இருந்ததில்லை. பழைய காரின் ஒயரிங்கைப் பிரிக்கும்போது எந்த நிறம் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்வேன், அவ்வளவுதான். குறிக்காமல் பிரிக்கிற மேதைகளும் எங்கள் போடியில் இருக்கிறார்கள். அவர்கள் கட்டிக் கொடுத்த வண்டியில் ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஓடும்.

இன்று டாக்சி டிரைவர் குருவையாவின் அம்பாசிடரைக் கட்டி இழுத்து வந்து என் ஷெட்டில் விட்டார்கள். இரண்டு மாதமாகப் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கிடந்த வண்டி. முன்பக்கம் இடது மூலை நசுங்கிக் கிடக்கிறது. தகர வேலை பக்கத்து ஷெட் டிங்கர் ஒச்சப்பனுக்கு, ஒயரிங் எனக்கு. பதினோரு வருடமாக இந்த வண்டியின் ஒயரிங்கை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை.

நவம்பர் பதினாறாம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு, போடி மெட்டு ஏறும் மலைப்பாதையில், பனிமூட்டத்துக்குள் ஒரு வளைவில் சுவரில் மோதியது. பின்சீட்டில் இருந்த ஏலக்காய் வியாபாரிக்குக் கை முறிந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தாராம், ஒன்றும் தெரியாதாம். குருவையா மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார்.

வண்டியோடு அவர் மனைவி பவளக்கொடியும் வந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"அண்ணே, 'லைட்டு போயிருச்சு பவளம், பூராம் இருட்டாயிருச்சு'ன்னு ரெண்டு தடவை சொன்னாக. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். யாரும் நம்பல. குடிச்சுட்டு ஓட்டுனதை மறைக்கச் சொல்றாருன்னுட்டாக. நீங்க ஒயரப் பூராம் பிரிச்சுப் பாருங்க. லைட்டு போச்சா, போகலையா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்."

"பாக்குறேன்மா" என்றேன்.

"நீங்க சொன்னா ஊரு நம்பும்ண்ணே."

ஜனவரி 6, செவ்வாய்

குறிப்பு. பிரவுன்: பேட்டரியிலிருந்து நேராக. வெள்ளை: சாவி போட்டால் வருவது. கறுப்பு: எர்த். சிவப்பு: பார்க்கிங் லைட்டும் பின் லைட்டும். நீலம்: ஹெட்லைட் சுவிட்சிலிருந்து பியூஸ் வழியாகக் காலால் மிதிக்கும் டிப்பருக்கு. டிப்பரிலிருந்து நீலம்-வெள்ளை ஹைபீம், நீலம்-சிவப்பு லோபீம்.

ஸ்டேஷன் எலிகள் ஹாரன் ஒயரையும் இண்டிகேட்டர் ஒயரையும் தின்றே தீர்த்துவிட்டன. அரசாங்க இடத்தில் வளர்ந்த எலிகள், கேட்க ஆளில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் கூடு கட்டிக் குட்டியும் போட்டிருக்கின்றன. அள்ளிக் கொட்டினேன். நாற்றம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

பவளக்கொடி இந்த வண்டியை விற்கப் போவதில்லையாம். ஒரு டிரைவரைப் போட்டு மறுபடியும் டாக்சி ஸ்டாண்டில் நிறுத்தப் போகிறார். ஆனால் அதற்கு முன்னால் அங்கே குருவையாவின் படத்தை வைக்க வேண்டும் என்று நிற்கிறார். அந்த ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் யாராவது இறந்துவிட்டால் படம் போட்டுப் பலகை வைப்பார்கள். உடல் கடந்து போகும்வரை இருபத்திரண்டு வண்டிகளும் பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். குருவையாவுக்குப் பலகையும் இல்லை, லைட்டும் இல்லை. குடித்துவிட்டு ஓட்டி ஸ்டாண்டின் பேரைக் கெடுத்துவிட்டார் என்றார்கள். ஊரில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

ஜனவரி 7, புதன்

பல்வலி. அம்பாசிடரைத் தொடவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கிறது. ஒயர்கள் எல்லாம் கட்டாக அதில் உள்ள ஓட்டை வழியாகத்தான் முன்னால் போகின்றன. ஓட்டையின் விளிம்பு ஒயரை அறுக்காமல் இருக்க ரப்பர் புஷ் போடுவார்கள். இந்த வண்டியில் புஷ் காய்ந்து உதிர்ந்துவிட்டது. நீல ஒயர் தகட்டில் உரசி உரசித் தோல் கழன்று, வெறும் செம்பு தகட்டில் பட்டிருக்கிறது. அந்த இடம் முழுக்கக் கரி. கூடப் போகும் சிவப்பு ஒயரும் உருகி ஒட்டிக்கொண்டு ஒரு முழம் வரைக்கும் கருகிக் கிடக்கிறது.

எலி கடித்திருந்தால் பல் பட்ட தடம் தெரியும். இதில் தடம் இல்லை.

அதற்கு நாலு விரல் தள்ளி டேப் சுற்றியிருந்தது. ஒச்சப்பன் பானெட்டைக் கழற்ற வந்தவன் எட்டிப் பார்த்தான்.

"யோவ் சன்னாசி, இது உன் சுத்துல்ல?"

நான் நொட்டாங்கைக்காரன். ஊரில் எல்லா எலக்ட்ரீசியனும் டேப்பை வலப்பக்கமாகச் சுற்றுவான், நான் இடப்பக்கமாகச் சுற்றுவேன். இருபத்தேழு வருடமாக இதைச் சொல்லிச் சிரிப்பவன் ஒச்சப்பன்.

"பதினோரு வருசமா நான் பாக்குற வண்டி. என் சுத்து இல்லாம உன் சுத்தா இருக்கும்?"

"அதுக்கில்லப்பா. டேப்பு புதுசா இருக்கேன்னு பாத்தேன்" என்றான். அப்புறம் பானெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஜனவரி 10, சனி

ஒரு மினி லாரிக்கு செல்ப் மோட்டார் கார்பன் மாற்றினேன். ஒரு வேனுக்கு பிரேக் லைட் பார்த்தேன். அம்பாசிடரின் பியூஸ் பெட்டியை இன்று திறக்கவில்லை. நேரமில்லை.

ஜனவரி 12, திங்கள்

பியூஸ் பெட்டியைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

பவளக்கொடி வந்தார். கையில் கரும்புக் கட்டு. அவர் வீட்டில் இந்த வருடம் பொங்கல் கிடையாது, இருந்தாலும் எங்கள் வீட்டுக்குக் கொடுக்கலாம் அல்லவா என்றார். எனக்கு அதை வாங்கக் கை நீட்டத் தோன்றவில்லை. அவரே ஷெட் ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"என்னண்ணே தெரிஞ்சுது?"

"எலி ரொம்பக் கடிச்சுருக்கும்மா."

"எப்பக் கடிச்சுது? மோதுறதுக்கு முன்னாலயா, ஸ்டேசன்ல கெடந்தப்பவா?"

"அதைச் சொல்ல முடியாது."

அவர் வண்டிப் பக்கம் போனார். முன்சீட்டுக் கதவைத் திறந்து, மூடினார். அந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துச் சாத்தினால்தான் பூட்டும். அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அவுக பொய் பேச மாட்டாகண்ணே. கல்யாணத்துக்கு முன்னால ஒரு பொண்ணப் பாத்து வேணாம்னு வந்ததக்கூட என்கிட்டச் சொன்ன ஆளு. சாகும்போதா பொய் சொல்லப் போறாக?"

எலி என்று நான் சொன்னது ஒன்றும் பொய் இல்லை. எலி கடித்திருக்கத்தான் செய்கிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மச்சினன் குடும்பம் உத்தமபாளையத்திலிருந்து வந்திருந்தது. அவன் மகள் புதுக் கம்மலை ஆட்டி ஆட்டிக் காட்டியது. நவம்பரில் அந்தப் பிள்ளைக்குத்தான் காதுகுத்து. அன்றைக்கு நான் அவ்வளவு அவசரமாக ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெறும் ரசம் சோறு சாப்பிட்டேன்.

இன்று பொங்கலை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். "பல்லுக்கு ஒரு வைத்தியம் பாரேன்" என்றாள் ஈஸ்வரி. என் மனைவிக்கு எல்லாம் பல்லாகத்தான் தெரிகிறது, நல்லவேளை.

ஜனவரி 17, சனி

எழுதிவிடுகிறேன். இது என் டைரி, படிக்க ஆளில்லை.

நவம்பர் பதினைந்து, சனிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. ஷெட்டைச் சாத்திக்கொண்டிருந்தேன். காதுகுத்து வீட்டுக்கு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஈஸ்வரி முந்தின நாளே போய்விட்டாள். குருவையா வந்து நின்றார். ஹெட்லைட் போட்டால் பியூஸ் போகிறது என்றார். புது பியூஸ் போட்டேன், போனது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. எங்கோ ஒயர் வண்டியின் தகர உடம்பில் படுகிறது என்று புரிந்துவிட்டது. குனிந்து பார்த்ததில் ஒரு இடத்தில் தோல் விரிந்திருந்தது. அதுதான் என்று நினைத்து டேப் சுற்றினேன். அது இல்லை. தகட்டு ஓட்டைக்குள் கை விட்டுப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும். அதற்கு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். ஒரு மணி நேர வேலை.

மூன்றாவது பியூஸும் போனது. என்னிடம் வேறு பியூஸ் இல்லை.

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. போன பியூஸின் மேல் ஒயரிலிருந்து எடுத்த ஒரு செம்பு இழையைச் சுற்றி, திரும்பப் பெட்டியில் செருகிவிடுவது. அவசரத்துக்குக் கடை வரைக்கும் போக ஒற்றை இழை சுற்றுவார்கள். நான் ஒன்று சுற்றினேன், பொசுங்கியது. மூன்று இழையைச் சேர்த்து முறுக்கிச் சுற்றினேன். லைட் பளிச்சென்று எரிந்தது.

"நாளைக்கு வெள்ளன ஒரு சவாரி மேல ஏறணும்ண்ணே. தாங்குமா?" என்று கேட்டார்.

"தாங்கும். திங்கக்கெழமை கொண்டாந்து விடு, பிரிச்சுப் பாத்துருவோம்" என்றேன். செம்பு இழை சுற்றியிருக்கிறது என்பதைச் சொன்னேனா என்று இரண்டு மாதமாக யோசிக்கிறேன். சொல்லவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், சொல்லவில்லை.

பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

சரியான பியூஸ் இருந்திருந்தாலும் லைட் போயிருக்கத்தான் செய்யும். பியூஸ் பொசுங்கினாலும் இருட்டு, ஒயர் பொசுங்கினாலும் இருட்டு. இந்த நியாயத்தை எனக்கு நானே நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். தூக்கம் வருகிற அளவுக்கு அதில் பலம் இல்லை. பியூஸ் பொசுங்கியிருந்தால் என் ஷெட்டிலேயே பொசுங்கியிருக்கும். அவர் மலை ஏறியிருக்க மாட்டார். ஹெட்லைட் மட்டும் போயிருந்தாலும் பார்க்கிங் லைட் வெளிச்சத்தில் ஓரம் கட்டியிருப்பார். மூன்று இழை செம்பு பொசுங்காமல் நின்று, நீல ஒயரையே கனலாக்கி, பக்கத்திலிருந்த சிவப்பையும் சேர்த்து எரித்திருக்கிறது. அவர் சொன்னது சரி. பூராம் இருட்டாகிவிட்டது.

பியூஸ் பெட்டியில் என் செம்பு இழை அப்படியே இருக்கிறது. இடப்பக்கம் சுற்றியது.

ஜனவரி 18, ஞாயிறு

ஷெட் லீவு. போய்ப் பியூஸை எடுத்துக் குப்பையில் போட்டிருக்கலாம். போனேன். திறந்தேன். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். குப்பையில் போடவில்லை.

ஜனவரி 19, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக்கே போனேன். குருவையாவின் படம் டிவி மேல் இருந்தது, ஸ்டாண்டுக்காகப் பெரிதாக்கி எடுத்து வைத்த படம். அதைப் பார்க்காதபடிக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். பையிலிருந்து பியூஸை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். எது எப்படி நடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

பவளக்கொடி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடிக் குழாய், அதன் மேல் தலைமுடி போல மூன்று இழை.

"அப்ப லைட்டு போயிருக்கு."

"ஆமாம்மா."

"அவுக பொய் சொல்லல."

"இல்லம்மா."

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். காறித் துப்புவார், அக்கம்பக்கத்தைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னது இதுதான்.

"உங்கள என்ன சொல்லணும்னு எனக்கு இப்பத் தெரியலண்ணே. ஒரு நாள் உக்காந்து வைவேன். ஆனா நீங்க வந்து சொன்னீகளே. நீங்க சொல்லாட்டி எனக்கு எப்பவும் தெரிஞ்சுருக்காது. அவுகளக் குடிகாரன்னு ஒருத்தன் கெளப்பி விட்டான் பாருங்க, அவன் எவன்னு எனக்குத் தெரியாது. அவன் குடும்பம் வெளங்காது. அவன் நாக்கு அழுகித்தான் சாவான்."

நான் எழுந்துவிட்டேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்திருக்கிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பவளக்கொடி கூப்பிட்டதால் ஸ்டாண்டுக்குப் போனேன். தலைவர் வீருசாமி முன்னால் பியூஸை வைத்து அதே கதையைச் சொன்னேன். ஏழெட்டு டிரைவர்கள் கூடி நின்றார்கள். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இனி எத்தனை வண்டி என் ஷெட்டுக்கு வரும் என்று எனக்குத் தெரியும்.

வீருசாமி யோக்கியமான ஆள். பியூஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரிம்மா, லைட்டு போச்சுன்னு ஒத்துக்கிறேன். ஆனா குடிச்சுருந்தாருல்ல? நிதானத்துல இருக்கவன் லைட்டு போனதும் பிரேக்க மிதிப்பான்ல?"

"அவுக குடிச்சுருந்தாகன்னு யாரு பாத்தா?"

"ஊரே சொல்லுச்சேம்மா."

"ஊருன்னா யாரு? பேரச் சொல்லுங்க."

"எனக்கு நம்ம டீக்கடையில வச்சுக் கேட்டதுதான். பேரு எங்க ஞாவகம் இருக்கு? ஆசுபத்திரி ரிப்போட்டு வரட்டும்மா, பாப்போம்."

"அது வர வருசமாகும்னுட்டாக."

வீருசாமி கையை விரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ஆயில் சிந்திக் கறை படிந்திருந்தது.

திரும்பும்போது பவளக்கொடி சொன்னார்: "அண்ணே, மிச்ச ஒயரிங் வேலைய நீங்க பாக்க வேணாம். தேனியில அந்தோணின்னு ஒருத்தர் இருக்காராம், அவரு வந்து கட்டுவாரு. கோவத்துல சொல்லல. அந்த வண்டியில இனிமே உங்க கை படக் கூடாதுன்னு தோணுது." நியாயம்தான் என்றேன். பாதி பிரித்த வண்டியை வேறு ஆள் கட்டுவது கஷ்டம் என்பதால் என் குறிப்பைக் கேட்டார். எழுதி வைத்திருக்கிறேன், தருகிறேன் என்றேன்.

ஜனவரி 21, புதன்

குருவையா குடித்திருந்தார் என்று முதலில் சொன்னது நான்.

காதுகுத்து முடிந்து நவம்பர் பதினாறு காலை ஒன்பது மணி பஸ்ஸில் போடி வந்து இறங்கினேன். இறங்கியதுமே டீக்கடையில் விஷயம் தெரிந்தது. குருவையா வண்டி மோதிவிட்டது, ஆள் போய்விட்டார். அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். பியூஸ் பெட்டியைத் திறந்து பார்க்கத் தேவையே இல்லை. இரண்டு மாதம் தெரியாத மாதிரி நடித்தது என்னிடம்தான்.

டிரைவர் மாயி கேட்டான்: "அண்ணே, நேத்து உங்க ஷெட்டுலதான வண்டி நின்னுச்சு? லைட்டுல கோளாறா?"

அவன் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சும்மா கேட்டான். நான் டீயை ஊதிக்கொண்டே சொன்னேன்: "வண்டியில ஒண்ணும் இல்லப்பா. ஆளுகிட்டத்தான் என்னமோ வாடை அடிச்சுச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். மத்தியானத்துக்குள் அது குவார்ட்டராகி, சாயங்காலத்துக்குள் ஆப் ஆகிவிட்டது. உடல் ஊர்வலமாக வந்தபோது ஸ்டாண்டில் ஒரு வண்டியும் லைட் போடவில்லை. கூட்டத்தில் நானும் பின்னாலேயே நடந்தேன். மாலை வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

வாடை அடித்தது உண்மை. அவருக்குச் சளி. கழுத்தில் மப்ளர் கட்டி, நெஞ்சில் தைலம் தேய்த்திருந்தார். "பவளம் ஒரு பாட்டில் தைலத்தையும் மேல ஊத்திட்டாண்ணே" என்று சொல்லிச் சிரித்தார். தைல வாடை. அவரோடு பதினோரு வருடம் பழகியிருக்கிறேன், ஒரு நாள்கூட அவர் குடித்துப் பார்த்ததில்லை.

பியூஸை அவசரத்தில் சுற்றினேன். இதை டீ குடித்துக்கொண்டு நிதானமாகச் செய்தேன்.

குறிப்பு, விட்டுப்போனது. பச்சை: பிரேக் லைட், வைப்பர், பெட்ரோல் மீட்டர். ஹாரன் பர்ப்பிள்.

ஜனவரி 23, வெள்ளி

பவளக்கொடி விடுவதாயில்லை என்று ஒச்சப்பன் சொன்னான். டீக்கடைக்காரரிடம் போய் யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார். அவர் ஒரு பேரைச் சொல்ல, அந்த ஆள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே இன்னொரு பேர். ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டு அது எங்கே போகிறதென்று தேடுகிற மாதிரி வீடு வீடாகப் போகிறார். இதுவரை நாலு பேர். நாலாவது ஆள் மாயி பேரைச் சொன்னானாம்.

"ஒனக்கு மாயி எங்க இருக்கான்னு தெரியுமாய்யா?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"தெரியாது."

அவன் என்னையே பார்த்தான். இருபத்தேழு வருடம் பக்கத்து ஷெட்டில் இருக்கிறவன். "நான் தகரம் தட்டுறவன், எனக்கென்ன தெரியும்" என்று சுத்தியலை எடுத்துக்கொண்டான்.

ஜனவரி 24, சனி

வண்டி ஒன்றும் வரவில்லை. நேற்றும் வரவில்லை.

உட்கார்ந்து ஒயரிங் குறிப்பை மட்டும் வெள்ளைத் தாளில் எடுத்து எழுதினேன். நாலு தாள். நல்ல கையெழுத்தில், நிறத்துக்கு நிறம் கோடு போட்டு. அந்தோணி தாராளமாக இதை வைத்துக் கட்டிவிடலாம். அந்த நாலு தாளில் குருவையா எங்கேயும் இல்லை. நானும் இல்லை. மடித்து டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

கோயில் வாசலில் பவளக்கொடியைப் பார்த்தேன். ஒரு வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

"மாயி டிசம்பர்லயே வேலைக்கு வெளியூரு போயிட்டானாம்ண்ணே. திருப்பூருங்கிறாக, பெங்களூருங்கிறாக. போன் நம்பரும் இல்ல. அவனுக்கு யாரு சொன்னான்னு இனி எப்படித் தெரியும்? அத்தோட அறுந்து போச்சு."

"ஏதாவது வழி இருக்கும்மா."

"இல்லண்ணே. விட்டுட்டேன். படமும் வேணாம், ஒண்ணும் வேணாம். வண்டிய ஆயில் மில்லுக்குப் பக்கத்துல நிப்பாட்டிக்கிறேன். அவுக பேரு அப்படியே போகட்டும். நாளைக்குக் காலையில வந்து குறிப்ப வாங்கிக்கிறேன்."

அப்புறம், கோயிலில் கொடுத்த விபூதியில் பாதியைக் கிள்ளி என் கையிலும் வைத்துவிட்டுப் போனார்.

அறுந்துவிட்டது. மாயியோடு அறுந்துவிட்டது. இனி யாராலும் என்னிடம் வந்து சேர முடியாது. இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 26, திங்கள்

எட்டரை மணி. ஸ்கூலில் கொடி ஏற்றும் சத்தம் கேட்கிறது. நாலு தாளையும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஈஸ்வரியிடம் காலையில் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நம்ம பிள்ளைகளுக்கும் சேத்துல்ல அந்தப் பொம்பள சாபம் விட்டுருக்கா" என்றாள். அப்புறம், "போய்ச் சொல்லித் தொலைங்க" என்றாள்.

பவளக்கொடி தெருமுனையில் வருகிறார். கூட ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார், அந்தோணியாக இருக்கும். இந்த டைரியைத்தான் கொடுக்கப் போகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் வழியில் எங்காவது எலியைக் கொண்டுவந்து விடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

அந்தோணி, ஒயரிங் குறிப்பு ஆறாம் தேதியில் இருக்கிறது, மிச்சம் இருபத்தொன்றின் கடைசியில். தகட்டு ஓட்டைக்கு முதலில் புது ரப்பர் புஷ் போடுங்கள்.

பவளக்கொடி, நீங்கள் இருபத்தொன்றாம் தேதியை முதல் வரியிலிருந்து படியுங்கள். படித்துவிட்டு வீருசாமியிடம் கொடுங்கள், ஸ்டாண்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படிக்கச் சொல்லுங்கள். படத்தை வைக்கிற அன்றைக்கு இருபத்திரண்டு வண்டியும் லைட் போடட்டும். என்னை வைய வேண்டும் என்று சொன்னீர்கள். நான் இங்கேயே நிற்கிறேன்.